ஓடினால் 240 வெள்ளி, தூங்கினால் 380: சுங்கை சிப்புட்டில் ஒரு கார்ப் பட்டறை

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட்டில் பழைய ஸ்போர்ட்ஸ் கார்களை மாதக் கட்டணத்துக்கு வைத்துப் பராமரிக்கும் பட்டறை ஒன்று இருக்கிறது. கட்டணம் இரண்டே வகை. காரை அவ்வப்போது ரோட்டில் எடுத்து ஓட்டலாம் என்று சம்மதித்தால் மாதம் 240 வெள்ளி. ஓட்டவே கூடாது, மீட்டர் ஏறவே கூடாது என்றால் 380. முதல் தடவை கேட்கிறவர்கள் மாற்றிச் சொல்லிவிட்டார்களோ என்றுதான் நினைப்பார்கள். ஓட்ட ஆள் வேண்டும், நேரம் வேண்டும், டயர் தேயும். சும்மா நிற்கிற காருக்கு என்ன செலவு? என் மகனும் அதைத்தான் கேட்டான். இந்த விமர்சனத்தில் முக்கால்வாசி அந்தக் கேள்விக்கான பதில்.

என்னைப் பற்றி இரண்டு வரி. பேராக்கில் ஓர் இடைநிலைப் பள்ளியில் இயற்பியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள் நான். பணிக்கொடை வந்தபோது கூட வேலை செய்த தோழிகள் காசி, ராமேஸ்வரம் என்று கிளம்பினார்கள். நான் பாதியை வீட்டுக் கூரைக்கும் மீதியை ஒரு பச்சை நிற யூனோஸ் ரோட்ஸ்டருக்கும் கொடுத்தேன். வெளிநாடுகளில் மாஸ்டா எம்எக்ஸ்-5 என்று ஓடும் அதே கார்தான்; 1989இல் ஜப்பானில் யூனோஸ் என்ற பெயரில் விற்கத் தொடங்கினார்கள். என்னுடையது 1991 வி-ஸ்பெஷல். பழுப்புத் தோல் சீட், நார்டி மர ஸ்டீயரிங், பட்டனை அழுத்தினால் மேலே எழும்பும் ஹெட்லைட். 1.6 லிட்டர், 120 குதிரைத் திறன், எடை ஒரு டன்கூட இல்லை. ரோட் டேக்ஸ் வருடத்துக்கு 90 வெள்ளிதான். இதைக் கேட்டதிலிருந்து பக்கத்து வீட்டுப் பெரிய எஸ்யூவிக்காரர் என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். பட்டறைக்காரர் என் பழைய மாணவர். இயற்பியலில் அவர் என்ன மதிப்பெண் வாங்கினார் என்பதை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார், அதனால் எழுதவில்லை. கட்டணத்தில் சலுகை கிடையாது. நானும் கேட்கவில்லை. ஊரில் அவரைப் போமன் (கார் மெக்கானிக்) என்பார்கள், நான் தம்பி என்பேன், அவர் இன்னும் என்னை டீச்சர் என்றுதான் கூப்பிடுகிறார். பட்டறைக்குப் பெயர்ப் பலகை இல்லை.

இடத்தைச் சொல்கிறேன். டவுனிலிருந்து லிந்தாங் போகிற சாலையில் சிறிது தூரம் போய், செம்பனை (எண்ணெய்ப் பனை) தோட்டத்துக்குள் திரும்ப வேண்டும். ஒரு காலத்தில் அங்கே ரப்பர்த் தோட்டம். மரத்தை எல்லாம் வெட்டிவிட்டுச் செம்பனை போட்டபோது தொழிலாளர் குடியிருந்த லயத்தையும் இடித்துவிட்டார்கள். ரப்பர்ப் பால் ஷீட்டுகளைத் தொங்கவிட்டுப் புகை போட்ட கட்டடம் மட்டும் நின்றுவிட்டது. ஜன்னல் இல்லாத தடித்த சுவர், உயரமான கூரை. தம்பி அதைக் குத்தகைக்கு எடுத்து, கூரையில் புகை வெளியேற வைத்திருந்த திறப்புகளை அடைத்து, தரைக்கு சிமெண்டு போட்டு, நடுவில் ஒரு தடுப்புச் சுவர் எழுப்பியிருக்கிறார். இந்தப் பக்கம் ஓடும் கார்கள், அந்தப் பக்கம் தூங்கும் கார்கள். சுவரின் மேல்பாதியில் அந்தக் காலத்துப் புகைக் கறுப்பு அப்படியே இருக்கிறது. என் அம்மா பால் எடுக்க ரப்பர் மரம் வெட்டியவர். மழை பெய்து ஓய்ந்த நேரத்தில் அங்கே போனால் வரும் வாடை எனக்குப் புதிதில்லை. மகனுக்குத்தான் மூக்கைப் பொத்தத் தோன்றியது.

முதலில் ஓட்டப் பக்கம், ஏனென்றால் என் கார் அங்கேதான் நிற்கிறது. 240 வெள்ளிக்கு மழை படாத இடம், பேட்டரிக்குச் சொட்டுச் சொட்டாகச் சார்ஜ் ஏற்றும் கருவி, வாரம் ஒரு தடவை டயர்க் காற்று பார்ப்பது, அப்புறம் பத்துப் பன்னிரண்டு நாளைக்கு ஒரு முறை கோலகங்சார் வரை பழைய சாலையில் போய்வருவது. பேராக் ஆற்றுப் பாலத்தைத் தாண்டி, டவுனைச் சுற்றி, அதே வழியில் திரும்பினால் ஏறக்குறைய நாற்பது கிலோமீட்டர். பெட்ரோல் நம் கணக்கு. நாமே வந்து ஓட்டிவிட்டால் அந்தச் சுற்றில் அவர் காரைத் தொடமாட்டார், கட்டணமும் குறையாது.

ஒவ்வோர் ஓட்டத்தையும் ஒரு நீளக் கணக்குப் புத்தகத்தில் எழுதுகிறார். தேதி, மீட்டர், இன்ஜின் தண்ணீரின் சூட்டைக் காட்டும் முள் எங்கே நின்றது, ஆயில் பிரஷர் எவ்வளவு, வழியில் என்ன சத்தம். என் பக்கத்தில் ஓரிடத்தில் "கிளட்ச் கொஞ்சம் கீழ, ஸ்லேவ் பாக்கணும்" என்று இருந்தது. பெடலை மிதிக்கும்போது ஆயில் அழுத்தத்தால் கிளட்ச்சைத் தள்ளுவது ஸ்லேவ் சிலிண்டர்; இந்தக் காரில் அதன் ரப்பர் அடிக்கடி போகும், எல்லா ரோட்ஸ்டர்க்காரர்களுக்கும் தெரிந்த நோய். நான் ஓட்டியபோது எனக்குத் தெரியவில்லை. அவர் காலுக்குத் தெரிந்திருக்கிறது. ஒழுகி, நடுரோட்டில் கியர் விழாமல் நிற்பதற்கு முன்பே ரப்பர் மாற்றியாயிற்று. இரண்டு மாதம் தூங்கியிருந்தால், எழுப்புகிற அன்று பெடல் தரையோடு ஒட்டிக்கொண்டிருக்கும்.

அவர் வேலை செய்வதைப் பக்கத்தில் நின்று பார்ப்பதற்கே ஒரு தடவை போகலாம். ரோட்ஸ்டரின் துணிக் கூரையில் விழும் மழைத் தண்ணீர், சீட்டுக்குப் பின்னால் இரண்டு மூலையிலும் உள்ள குழாய் வழியாக இறங்கி, பின் சக்கரத்துக்கு முன்னால் தரையில் ஒழுக வேண்டும். குழாயில் இலை தழை அடைத்துக்கொண்டால் தண்ணீர் கதவுக்குக் கீழே உள்ள தகட்டுப் பெட்டிக்குள் போய்த் தங்கிவிடும். வெளியே பெயிண்ட் பளபளவென்று இருக்கும், உள்ளே துரு தின்றுகொண்டிருக்கும். தம்பி ஒரு மினரல் வாட்டர் பாட்டிலில் தண்ணீர் எடுத்து, சீட்பெல்ட் பக்கத்தில் விரலால் தடவிக் குழாய் வாயைக் கண்டுபிடித்து, மெதுவாக ஊற்றினார். உதவிக்கு நின்ற பையன் கீழே படுத்துக்கொண்டு "வருது" என்றான். இடது பக்கம் உடனே வந்தது. வலது பக்கம் வர நேரமாயிற்று, வந்ததும் கறுப்பாக வந்தது. மெல்லிய நைலான் கம்பி ஒன்றைப் பொறுமையாக விட்டுக் குத்தி எடுத்தார். முன்னே இருந்த வீட்டு மாமரத்து இலைக்காம்புகள், மக்கிப்போய் வெளியே வந்தன.

கூரையை மடக்கும்போதும் அப்படித்தான். பின்னால் உள்ள பிளாஸ்டிக் கண்ணாடியின் ஜிப்பை முதலில் திறந்து, அதைத் தட்டையாகப் படுக்கவைத்து, மேலே ஒரு துண்டை விரித்து, அப்புறம்தான் கூரையைக் கீழே கொண்டுவருவார். அவசரக்காரர்கள் ஜிப்பைத் திறக்காமல் மடக்குவார்கள். நாலைந்து தடவையில் பிளாஸ்டிக் மடிந்த இடத்தில் வெடித்துவிடும்.

சரி, ஓடுகிற காருக்குக் குறைந்த கட்டணம் ஏன்? இங்கே கொஞ்சம் பாடம் எடுக்காமல் இருக்க முடியாது.

ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. (இது வேதியியல் டீச்சரின் எல்லை, அவர் மன்னிக்கட்டும்.) இன்ஜின் சூடாக இருந்தால் அது ஆவியாகப் புகைக்குழாய் வழியே போய்விடும். நம் ஆட்கள் என்ன செய்கிறார்கள்? ஞாயிற்றுக்கிழமை காலையில் காரை வாசலிலேயே வைத்து ஸ்டார்ட் செய்து, பத்து நிமிடம் உறுமவிட்டு, திருப்தியோடு அணைத்துவிட்டுப் பசாருக்குப் போகிறார்கள். தண்ணீர் முள் நடுவுக்கு வந்திருக்கும், ஆயில் அதற்குள் சூடாகியிருக்காது. உண்டான ஈரம் ஆயிலிலும் சைலன்சரிலும் தங்கிவிடும். வாராவாரம் இதைச் செய்வதைவிடச் செய்யாமலே இருக்கலாம். தம்பி அரை மணி நேரத்துக்குக் குறைந்து எந்தக் காரையும் ஓட்டுவதில்லை, நின்ற இடத்தில் ஸ்டார்ட் போடவே விடமாட்டார். காரைப் பார்க்க வந்த ஒரு வாடிக்கையாளர் சத்தம் கேட்க ஆசைப்பட்டு சாவியைத் திருப்பப் போனார். "அண்ணே, சத்தம் கேக்கணும்னா கோலகங்சார் போய்ட்டு வாங்க" என்று தம்பி சாவியைக் கையிலிருந்து வாங்கிவிட்டார்.

பிரேக் ஆயிலும் ஓர் ஆபத்து. அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். கார் ஓடினாலும் ஓடாவிட்டாலும் உறிஞ்சும், அதற்கு மீட்டர் தெரியாது. டாட் 4 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 பாகை செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது தரக்கட்டுப்பாடு. ஈரம் ஏறிய பிறகு அதே ஆயிலுக்கு 155 பாகைதான் எதிர்பார்க்கிறார்கள். கேமரன் மலையின் கம்போங் ராஜாவிலிருந்து சிம்பாங் பூலாய் இறக்கத்தில், காய்கறி லோரிக்குப் பின்னால் பிரேக்கை மிதித்து மிதித்து வந்திருக்கிறவர்களுக்கு அந்த இரண்டு எண்ணுக்கும் உள்ள வித்தியாசம் எதற்கு என்று சொல்லத் தேவையில்லை. ஆயில் கொதித்தால் குமிழி வரும், குமிழி அமுங்கும், பெடல் கீழே போகும், கார் நிற்காது. சேமித்து வைத்த காரில் மீட்டர் பன்னிரண்டாயிரம் காட்டுகிறது என்பதற்காகப் பத்து வருடத்து பிரேக் ஆயிலோடு மலை இறங்குகிறவரை எந்தச் சாமியும் காப்பாற்றாது.

தூக்கப் பக்கத்துக்கு 380 ஏன் என்பது அந்தக் கதவைத் திறந்தால் புரியும். இரண்டு ஈரம் உறிஞ்சும் இயந்திரங்கள் இரவும் பகலும் ஓடுகின்றன. சுவரில் ஒரு ஈரமானி. நான் பார்த்தபோது ஐம்பத்திரண்டு விழுக்காடு காட்டியது. வெளியே செம்பனைக்குள் எண்பதுக்குக் குறைந்திருக்காது. அறுபது விழுக்காட்டைத் தாண்டினால் இரும்பில் துரு வேகம் பிடிக்கும். நாற்பதுக்குக் கீழே போனால் தோலும் ரப்பரும் காய்ந்து வெடிக்கும். அந்த இடைவெளிக்குள் பிடித்து வைக்கத்தான் மின்கட்டணம். அது போக, மாதம் ஒரு தடவை காரை ஒரு சாண் தள்ளி டயரின் வேறு பக்கத்தைத் தரையில் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் டயர் ஒரு பக்கம் சப்பையாகிவிடும். இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் ஸ்பானர் போட்டுக் கையால் சுற்ற வேண்டும். தோலைத் துடைக்க வேண்டும். பிரேக் ஆயிலை ஓடும் காருக்கு இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாற்றுகிறவர், தூங்கும் காருக்கு வருடா வருடம் மாற்றுகிறார். ஏன் என்று கேட்டேன். "ஓடுற காருல ஏதாவது மாறினா கால் சொல்லிடும் டீச்சர். எஸ்டேட்டுல ஆயாக்கொட்டகை இருந்துச்சுல்ல, ஓடுற பிள்ளைங்கள பாத்துக்கறது லேசு. தூளியில கிடக்கறதத்தான் நிமிசத்துக்கு நிமிசம் எட்டிப் பாக்கணும்" என்றார். ஆயாக்கொட்டகை என்பது தோட்டத்தில் பிள்ளைகளை விட்டுவிட்டு வேலைக்குப் போகிற இடம். இதைவிட நன்றாக நான் விளக்க முடியாது.

எலியை மறந்துவிட்டேன். செம்பனைக்காடு என்றால் எலி உண்டு. நின்றுபோன காரின் பானெட்டுக்குள் கூடு கட்டி, வயரைக் கடித்து வைக்கும். தோட்டத்தில் எலி பிடிக்க ஆந்தைக்குக் கம்பத்தில் பெட்டி வைத்திருக்கிறார்கள், பட்டறைக்குப் பின்னாலேயே ஒன்று இருக்கிறது. அதனால் தம்பி எலி மருந்து வைப்பதில்லை, மருந்து தின்ற எலியை ஆந்தை தின்றால் அதுவும் போய்விடும். கம்பிப் பொறிதான். தூக்க அறையின் கதவுக்கு அடியில் தகடு அடித்திருக்கிறார். ஓட்டப் பக்கத்தில் அந்தத் தகடு இல்லை. இதைச் சொல்லிச் சண்டை போட்டிருக்கிறேன். அடிக்கடி நகரும் காரில் எலி குடியிருக்காது என்பது அவர் வாதம். எனக்கு முழு நம்பிக்கை இல்லை.

அந்த அறையில் நிற்கிறவற்றில் எனக்குக் கண் போகிற ஒன்று புரோட்டோன் சத்ரியா ஆர்3. நம் நாட்டுக் கார்தானே என்று நினைக்காதீர்கள். 1996இல் புரோட்டோன், பிரிட்டனின் ஸ்போர்ட்ஸ் கார் நிறுவனமான லோட்டஸின் பெரும்பங்கை வாங்கியது. அதற்குப் பிறகு வந்த சத்ரியா ஜிடிஐ காரின் பின்னால் "ஹேண்டலிங் பை லோட்டஸ்" என்ற சின்னப் பட்டை ஒட்டியிருந்ததை ஒரு தலைமுறைப் பையன்கள் மறக்கமாட்டார்கள். 1.8 இன்ஜின், மூன்று கதவு. என் வகுப்பில் கடைசி பெஞ்சுக்காரர்கள் நோட்டுப் புத்தகத்தில் வரைந்து வைத்திருந்த கார் அது. அதை இன்னும் செதுக்கி, 2004இல் 150 மட்டும் செய்து விற்றதுதான் ஆர்3. இங்கே நிற்பது அந்த 150இல் ஒன்று. சொந்தக்காரர் பினாங்கிலிருந்து வருகிறவர். சீட்டில் சிறிது நேரம் உட்காருவார், கியரைப் போட்டுப் பார்ப்பார், துணியை மூடிவிட்டுப் போவார்.

ஓட்ட ஆசை வராதா என்று அவரிடமே கேட்டேன். கோபப்படவில்லை. "வரும் டீச்சர். ஆனா நூத்தம்பதுல எத்தன இடிச்சு, மாத்தி, நொறுங்கி மிச்சம் இருக்குன்னு யாருக்குத் தெரியும்? இது ஃபேக்டரில அடிச்ச பெயிண்ட். ஒரு தடவ உரசிட்டா அது போயிடும்ல" என்றார். பதில் சொல்ல முடியவில்லை. மறுபடி பெயிண்ட் அடிக்கலாம், ஆலையில் அடித்த பெயிண்ட்டை மறுபடி அடிக்க முடியாது. அந்த மனிதர் மாதம் 380 கொடுத்து, முறையாகச் செய்கிறார். ஓட்டாதவர்களைக் கிண்டல் செய்கிற கோப்பிக் கடைக் கூட்டத்தில் நான் சேரமாட்டேன்.

ஆனால் அந்த நியாயம் என் காருக்குப் பொருந்தாது, மகனுக்குப் புரியாதது இதுதான். அவன் கணக்காளன். வாட்ஸ்அப்பில் ஏலச் செய்தியாக அனுப்பிக்கொண்டிருப்பான். "அம்மா, இது கார் இல்ல, அசெட். ஓட்டினா விலை இறங்கும்." 2022இல் மெர்சிடிஸ் 300 எஸ்எல்ஆர் ஒன்று 135 மில்லியன் யூரோவுக்கு விற்றதை அனுப்பினான். மொத்தம் இரண்டே செய்த கார். அதைச் செய்த இன்ஜினியர் ரூடோல்ஃப் ஊலன்ஹவுட் அந்த வண்டியை ஆபீஸ் காராக ரோட்டில் ஓட்டிக்கொண்டிருந்தவர் என்பதை நான் திருப்பி அனுப்பினேன். 2018இல் ஃபெராரி 250 ஜிடிஓ ஒன்று 48.4 மில்லியன் டாலருக்குப் போனதை அனுப்பினான். அதே 250 ஜிடிஓ ஒன்றைப் பிங்க் ஃபிளாய்டின் டிரம்மர் நிக் மேசன் 1970களில் வாங்கி, பந்தயத்திலேயே ஓட்டி வருகிறார். அதையும் அனுப்பினேன். கடைசியாக நடிகர் ரோவன் அட்கின்சனை அனுப்பினேன். கரடிப் பொம்மையோடு டிவியில் வருவாரே, அவர்தான். 1997இல் மெக்லாரன் எஃப்1 வாங்கினார், கடைக்குப் போக வர ஓட்டினார், இரண்டு தடவை இடித்தார். இரண்டாவது தடவை பழுதுபார்க்கக் காப்புறுதி நிறுவனம் கட்டியது 9 லட்சம் பவுனுக்கும் மேல். அந்தக் காரை 2015இல் சுமார் 80 லட்சம் பவுனுக்கு விற்றார். மகன் இரண்டு நாள் பதில் போடவில்லை. அப்புறம், "அவர் ரோவன் அட்கின்சன், நீங்க ரிட்டையர்டு டீச்சர்" என்று வந்தது. அதுவும் நியாயம்தான்.

எனவே பெரிய மனிதர்களை விட்டுவிடுவோம். என் காரைப் பார்ப்போம். எம்எக்ஸ்-5 வரிசையில் 2016இலேயே பத்து லட்சமாவது கார் ஆலையை விட்டு வந்துவிட்டது. உலகத்திலேயே அதிகம் விற்ற இரண்டு சீட் ஸ்போர்ட்ஸ் கார் என்று கின்னஸில் இருக்கிறது. இதில் அபூர்வம் எங்கே இருக்கிறது? போதாததற்கு, முதல் தலைமுறைக் காருக்கு மாஸ்டாவே ஜப்பானில் புதுப்பிக்கும் திட்டம் அறிவித்து, நின்றுபோன துணிக் கூரையையும் அந்தக் காலத்து டயரையும் நார்டி ஸ்டீயரிங்கையும்கூட மறுபடி செய்யவைத்தது. செய்த நிறுவனமே பாகம் போட்டுக் கொடுக்கிறது என்றால், ஓட்டுங்கள் என்றுதானே அர்த்தம்.

கணக்காளனுக்குக் கணக்கிலேயே பதில் சொன்னேன். தூக்கக் கட்டணம் வருடத்துக்கு 4,560 வெள்ளி, பத்து வருடத்தில் 45,600. ஓட்டக் கட்டணம் பத்து வருடத்தில் 28,800. தூங்க வைப்பதற்கு 16,800 வெள்ளி கூடுதல். காப்புறுதி இரண்டுக்கும் தனி. தூங்கிய ரோட்ஸ்டர், ஓடிய ரோட்ஸ்டரைவிடக் குறைந்தது பதினேழாயிரம் வெள்ளி அதிகமாக விற்றால்தான் கைக்குக் கை சரியாகும். அதற்குள் நான் ஒரு தடவைகூடக் கூரையைத் திறந்து பேராக் ஆற்றைத் தாண்டியிருக்கமாட்டேன். இதற்கு அவன் சொன்ன பதில், "பணவீக்கத்தைச் சேர்க்கலையே." சேர்த்தால் எனக்குத்தான் சாதகம், ஏனென்றால் தம்பி கட்டணத்தை ஏற்றுவார்.

விற்பனை என்று வந்தால் அந்த நீளக் கணக்குப் புத்தகத்துக்கு ஒரு மதிப்பு உண்டு. பக்கத்தில் நின்ற ஒரு பழைய கரோலா கூபேயைப் பார்க்க கோலாலம்பூரிலிருந்து வந்தவர்கள், காரைச் சுற்றி வந்ததைவிட அந்தப் புத்தகத்தைப் புரட்டியது அதிக நேரம். எப்போது ஓடியது, என்ன சூடு, எதை மாற்றியது என்று கையெழுத்தில் இருக்கிறது. மீட்டரில் குறைந்த எண் மட்டும் இருந்தால், அந்த எண் உண்மைதானா என்ற சந்தேகமும் கூடவே வரும்.

இங்கே வருவதற்கு முன் என் கார் தலைநகரில் ஒரு பெரிய கிடங்கில் இருந்தது. ஏர்கான் என்றார்கள், கேமரா என்றார்கள், கைப்பேசிச் செயலியில் காரைப் பார்க்கலாம் என்றார்கள். பார்த்தேன், கார் நின்றுகொண்டுதான் இருந்தது. எடுக்கப் போனபோது சீட்பெல்ட் முழுக்க வெள்ளைப் பூஞ்சை. பிளாஸ்டிக் உறையை இறுக்கி மூடி, உள்ளே ஈரத்தை அடைத்து வைத்திருந்தார்கள். அந்தக் கட்டணம் இங்கே உள்ளதைப்போல் இரண்டு மடங்கு.

குறைகளும் இருக்கின்றன. முதல் குறை, பாதை. செம்பனைக்குள் திரும்பிய பிறகு மண் ரோடு. செம்பனைக் குலை ஏற்றும் லோரிகள் உழுது வைத்த பள்ளம். மழைக்குப் பிறகு என் காரின் வயிறு தரையில் தட்டுகிறது. ஸ்போர்ட்ஸ் கார் பட்டறைக்குப் போக ஃபோர் வீல் டிரைவ் வேண்டும் என்பது வேடிக்கை. தம்பி எஸ்டேட் நிர்வாகத்தைக் கைகாட்டுகிறார், நிர்வாகம் மழையைக் கைகாட்டுகிறது.

போன் எடுக்கமாட்டார். வாட்ஸ்அப்பில் நீலக் கோடு விழும், பதில் வராது. அவர் மனைவியைக் கூப்பிட்டால் பதில் உண்டு, ஆனால் அவருக்குத் தெரிந்தது கட்டணம் மட்டும்தான். பாகம் வர வேண்டியிருந்தால் எப்போது வரும் என்ற கேள்விக்கு "வந்துடும் டீச்சர்" என்பதைத் தாண்டி ஒன்றும் கிடைக்காது. முப்பது வருடத்துக்கு முன் இவர் வீட்டுப்பாடத்தைப் பற்றி என்னிடம் சொன்ன அதே வாக்கியம். கழிவறை இருக்கிறது. பெண்கள் போகலாம் என்று நான் சொல்லமாட்டேன். கார் கழுவுவதும் சுமார்தான், கிணற்றுத் தண்ணீர், காய்ந்தால் பெயிண்ட்டில் வெள்ளைப் புள்ளி நிற்கும். நான் என் காரை வீட்டில் கழுவிக்கொள்கிறேன்.

முக்கியமானது காப்புறுதி. பட்டறைக்குள் தீப்பிடித்தாலோ, அவர் ஓட்டும்போது யாராவது வந்து இடித்தாலோ, அவர் பக்கம் எதுவும் கிடையாது. நம் பாலிசிதான். கார் பதினைந்து வருடம் தாண்டினால் பல நிறுவனங்கள் முழுக் காப்புறுதி தரத் தயங்கும், தந்தாலும் சந்தை மதிப்பு என்று ஏதோ ஒரு சின்ன எண்ணைப் போடும். முன்கூட்டியே ஒப்புக்கொண்ட மதிப்பில் பாலிசி எடுங்கள், புகைப்படமும் மதிப்பீட்டு அறிக்கையும் கொடுத்து. வேறு ஒருவர் ஓட்டலாம் என்பதையும் அதில் எழுதிவாங்குங்கள். இதைச் செய்யாமல் ஓட்டக் கட்டணத்தில் காரை விடாதீர்கள். தம்பியே முதல் நாள் பாலிசியைக் காட்டச் சொல்வார், அந்த மட்டில் நல்லவர்.

என் மதிப்பெண் ஐந்துக்கு நான்கு. கழித்த ஒன்றில் பாதி பாதைக்கு, பாதி போனுக்கு. ஆர்3 மாதிரி எண்ணிச் சில மட்டும் செய்த கார் வைத்திருக்கிறவர்கள் தூக்க அறைக்குப் போங்கள், 380 கொடுங்கள், பேரம் பேசாதீர்கள். மற்ற ரோட்ஸ்டர், கரோலா, ஜிடிஐ எல்லாம் ஓட்டப் பக்கத்துக்கு. வீட்டு வாசலில் உறையை மூடி வைத்து ஞாயிற்றுக்கிழமை பத்து நிமிடம் உறுமவிடுகிறவர்கள் இரண்டில் ஒன்றைத் தீர்மானித்துக்கொள்ளுங்கள்.

போகிறவர்கள் காலை பத்துக்குள் போங்கள், அதற்குப் பிறகு குலை லோரிகள் வரிசையாக வரும், ஒதுங்க இடமில்லை. தீபாவளி வாரம் முழுக்க மூடியிருக்கும். விடுமுறையில் கார் வேண்டும் என்றால் முன்னதாகவே எடுத்து வந்துவிடுங்கள். ஓட்டப் பக்கத்தில் இப்போது இரண்டு இடம் காலி. தூக்க அறை நிரம்பிவிட்டது, பெயர் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். பெயர் கொடுக்கும்போது சாவி இரண்டும் இருக்கிறதா என்று கேட்பார். ஒன்றுதான் என்றால் ஈப்போவில் மாற்றுச் சாவி வெட்டிக்கொண்டு வரச் சொல்லி அனுப்பிவிடுவார்.